எஞ்சின் எப்போது சூடாகிறது? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

என் அக்கா மகன் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறான். பன்னிரண்டு வயதான சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினான். பொங்கலுக்குச் சேலம் போய்த் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து பெங்களூர் வந்து சேர்ந்தான்.

அதன் பிறகு மூன்று மாதங்களில் மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினான். முதல் பட்டறையில், "தெர்மோஸ்டாட்தான் கோளாறு, நம் ஊருக்கு அது தேவையே இல்லை" என்று சொல்லி அந்தச் சிறு வால்வைக் கழற்றி எறிந்தார்கள். இரண்டாவது பட்டறையில் ஃபேனுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து, சாவியைத் திருப்பிய கணத்திலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். மூன்றாவது இடத்தில், எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவத்தை மாற்றி, விலை உயர்ந்த கூலண்ட் ஊற்றினார்கள். ஏப்ரலில் மறுபடியும் ஊருக்குப் போனான். தொப்பூரிலிருந்தே தொலைபேசி வந்தது. "சித்தி, மறுபடியும் சூடாகிவிட்டது."

நான் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எப்போதாவது சூடாகியிருக்கிறதா?"

சற்று யோசித்துவிட்டு, "ஒரு நாளும் இல்லை, சித்தி" என்றான்.

பாதி விடை அந்தப் பதிலிலேயே இருந்தது. மூன்று பட்டறைகளிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. வண்டி சூடாகிறது என்றவுடன் எதையாவது மாற்றிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், மாலையில் ஏறுகிறதா, குளிர் நடுக்கத்தோடு வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்பார். மலேரியாவும் டைபாய்டும் வெப்பமானியில் ஒரே எண்ணைக் காட்டலாம். வரும் விதம் வேறு. எஞ்சின் சூட்டுக்கும் அந்தக் கேள்விதான் முதல் சோதனை: எப்போது சூடாகிறது? அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் புரிந்துகொள்ள, சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

எவ்வளவு சூடு வேண்டும்?

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு போதவில்லை என்றால் மாவு ஒட்டிக்கொள்ளும். மிஞ்சினால் கருகும். தண்ணீர் தெளித்துப் பார்த்து, சரியான பதத்தில் மாவை ஊற்றுகிறோம். எஞ்சினுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது 90 டிகிரி செல்சியசை ஒட்டியது. அதற்கு வெகுவாகக் கீழே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எண்ணெய் கெட்டியாக இருக்கும், தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். வெகுவாக மேலே போனால் உலோகம் வளையும்.

இந்தப் பதத்தைக் காப்பது எளிய வேலை அன்று. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட் எனப்படும் மேல்பாகம் இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான், வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு சைலென்சர் வழியாகப் போய்விடும். மிச்சத்தை எஞ்சினைச் சுற்றி ஓடும் நான்கைந்து லிட்டர் திரவம் சுமந்து வெளியேற்ற வேண்டும். அந்தத் திரவம் ஒரு நிமிடம் நின்றாலும் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

காபியை ஆற்றுவது போல

கொதிக்கும் காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றி ஆற்றுகிறோம். டவரா அகலமானது, காபி பரவும், காற்று படும், சூடு இறங்கும். அவசரமென்றால் வாயால் ஊதுவோம். காரின் குளிர்விப்பு அமைப்பு செய்வதும் இதையேதான்.

எஞ்சினில் சூடேறிய திரவத்தை வாட்டர் பம்ப் என்னும் சிறு சுழல் கருவி தள்ளுகிறது. அது மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் நுழைகிறது. ரேடியேட்டர்தான் டவரா. மெல்லிய குழாய்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு நடுவே காகிதம் போன்ற உலோகத் தகடுகள் மடிந்து மடிந்து இருக்கும். திரவம் அந்தக் குழாய்களில் பிரிந்து ஓடும்போது வண்டியின் முகப்பிலிருந்து வரும் காற்று அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஆறிய திரவம் கீழ்க் குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. வண்டி நிற்கும்போது காற்று வராது. அப்போது ஊதுவதற்கு ஃபேன் இருக்கிறது.

பெங்களூர் குளிர்ந்த ஊர், இங்கே வண்டி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. திரவத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு வேகமாகச் சூடு இறங்கும். திரவம் 90 டிகிரி, சென்னையில் வெயில் 38 டிகிரி என்றால் வேறுபாடு 52. அதே நேரம் பெங்களூரில் 28 டிகிரி என்றால் வேறுபாடு 62. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆதாயம். ஆனால் டின் ஃபேக்டரி சந்திப்பில் இருபது நிமிடம் அசையாமல் நிற்கும்போது முகப்புக் காற்று ஏறக்குறைய சுழியம். ஃபேன் வேலை செய்யவில்லை என்றால் ஊரின் குளிர்ச்சி அங்கே உங்களைக் காப்பாற்றாது.

குக்கரும் ரேடியேட்டர் மூடியும்

குக்கரில் பருப்பு ஏன் விரைவில் வேகிறது? மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 90 டிகிரியில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு அது மிகக் குறுகிய இடைவெளி.

ஆகவே குளிர்விப்பு அமைப்பை மூடி வைத்து அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூடி தாங்கும் கூடுதல் அழுத்தம். 0.9 மூடி நன்றாக இருந்தால் பெங்களூரில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 117 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அழுத்தம் கசிந்தால், எஞ்சினில் வேறெந்தக் கோளாறும் இல்லாமலேயே திரவம் கொதித்து வழியும். குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி பக்கவாட்டில் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மூடிக்குள் இன்னொரு சிறு வால்வும் உண்டு. சூட்டில் விரிந்த திரவம் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் ரிசர்வ் தொட்டிக்குப் போகும். ஆறியதும் திரும்ப உள்ளே வர அந்த வால்வு வழி விடும். அது அடைத்துக்கொண்டால் மறுநாள் காலையில் மேல் குழாய் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். மூடிதான் இந்த அமைப்பிலேயே விலை குறைந்த பாகம். எனக்குத் தெரிந்து மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுதான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. வெயிட்டோடு இருக்கும் குக்கரைத் திறப்பதற்கு ஒப்பானது அது. அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருக்கும் திரவம் முழுதும் கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மேல் குழாயை அழுத்திப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் மட்டும் திறக்கலாம்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: பம்ப் தள்ளுகிறது, ரேடியேட்டர் ஆற்றுகிறது, நின்றால் ஃபேன் ஊதுகிறது, மூடி கொதிக்காமல் காக்கிறது.

தெர்மோஸ்டாட் என்னும் மதகு

ஏரி நிரம்பும்வரை மதகைத் திறக்கமாட்டார்கள். தெர்மோஸ்டாட் அப்படிப்பட்ட ஒரு மதகு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சிறிய வால்வு. அதற்குள் மெழுகு அடைத்த ஒரு குமிழ் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு மூடியிருக்கும். திரவம் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை, பொதுவாக 82 அல்லது 88 டிகிரி, வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும்.

"நம் ஊருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது குளிர்நாட்டுக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். பெங்களூர் டிசம்பர் காலையில் 16 டிகிரியில் கிளம்பும் எஞ்சினும் 90க்குப் போக வேண்டும். சென்னை மே மாதத்தில் 35 டிகிரியில் கிளம்பும் எஞ்சினும் 90க்குத்தான் போக வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று வண்டியின் கணினி கருதி, ஊற்றிக்கொண்டே இருக்கும். என் அக்கா மகனின் கார் பட்டறையிலிருந்து வந்த நாள் முதல் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைவாகக் கொடுத்ததற்கு இதுவே காரணம்.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். கழற்றியதை நூலில் கட்டி, தண்ணீர் வைத்த பாத்திரத்தில் அடிப்பாகம் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். பொறித்த வெப்பநிலையை ஒட்டி வாய் திறக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கூலண்ட் குளிர்விப்பதில்லை

பெயரே மயக்கம் தருகிறது. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலண்ட் கலந்த நீர் அதைவிடச் சற்றுக் குறைவாகவே சுமக்கும். பிறகு ஏன் கலக்கிறோம்? அது கொதிநிலையை உயர்த்துகிறது. குளிர்நாடுகளில் உறையாமல் காக்கிறது. இவை இரண்டையும்விட நமக்கு முக்கியமானது, உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. கூலண்டின் அடிப்படை பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம். அதோடு துருத்தடுப்புப் பொருள்கள் சேர்ந்திருக்கும். அந்தப் பொருள்கள் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். ஆகவேதான் நிறம் நன்றாக இருந்தாலும் வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும்.

பெங்களூரில் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருபவர்கள் கீசர் கம்பியைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், நூல் போன்ற அந்தக் குழாய்களுக்குள்ளும் அதே படிவம்தான் சேரும். துருவும் சேர்ந்துகொண்டால் பழுப்புக் குழம்பாகிவிடும். காவிரித் தண்ணீர் இதைவிட மேல் என்றாலும் உகந்ததன்று. கலந்தே விற்கும் கூலண்டை வாங்குங்கள். அல்லது பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கென்று விற்கும் உப்பு நீக்கிய தண்ணீரோடு சரிபாதி கலவுங்கள். நடுவழியில் ஆபத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம்; ஊர் திரும்பியதும் வடித்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய நஞ்சு. வடித்த கூலண்டைத் தெருவில் கொட்டினால் நாய்கள் நக்கும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் திறந்த கேனை வைக்கவே கூடாது.

எப்போது சூடாகிறது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எஞ்சின் உண்டாக்கும் சூடும் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் சாலைக்குச் சாலை மாறுகின்றன. நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் உண்டாக்கும் சூடு குறைவு. காற்று அறவே இல்லை. ஏற்றத்தில் நான்கு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் இழுக்கும்போது காற்று உண்டு; ஆனால் சூடு பல மடங்கு. ஆகவே நெரிசல் ஃபேனைச் சோதிக்கிறது. ஏற்றம் ரேடியேட்டரையும் பம்பையும் சோதிக்கிறது. இந்த இரண்டு வரிகளை மனதில் இருத்திக்கொண்டால் பட்டறையில் யாரும் உங்களைத் திசை திருப்ப முடியாது.

நின்றால் சூடாகி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏ.சி.யை அணைத்து, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிடுங்கள். பெரும்பாலான கார்களில் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் தானாகக் கிளம்பி, சில நிமிடம் ஓடி, நிற்க வேண்டும். முள் நடுவைத் தாண்டியும் கிளம்பவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஃப்யூஸ், ரிலே, வெப்ப உணரி, மோட்டார் ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. அதையே நிரந்தரத் தீர்வாக்கி விட்டுவிடுவது தவறு. மோட்டார் விரைவில் தேயும், உண்மையான கோளாறு மறைந்தே கிடக்கும். ஒரு எச்சரிக்கை: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும். கையை உள்ளே விட வேண்டாம்.

நெரிசலில் அமைதியாக இருந்து, ஏற்றத்திலோ நெடுஞ்சாலை வேகத்திலோ சூடானால் ஃபேனை மறந்துவிடுங்கள். அங்கே திரவம் போதிய அளவு ஓடவில்லை, அல்லது ஓடியும் ஆறவில்லை. முதலில் வெளிப்புறம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி.க்கான இன்னொரு ரேடியேட்டர் போன்ற தட்டு நிற்கும். அதற்குக் கண்டென்சர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே பூச்சிகளும் தூசியும் சேர்ந்து கம்பளி போல ஒட்டியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினால் கழன்று வரும். உயர் அழுத்தக் குழாயைக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும்.

பிறகு உட்புறம். வண்டியைச் சூடேறும்வரை ஓட்டி, எஞ்சினை அணைத்ததும், அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தை இடம் இடமாக அளந்து பாருங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த வகைதான். ஆனால் அது உடல் சூட்டை மட்டுமே அளக்கும். இயந்திரங்களுக்கானதைத் தனியே வாங்க வேண்டும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் அடுத்தது பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே கூலண்ட் வழிந்த தடம் தெரிந்தால் உள்ளிருக்கும் அடைப்பான் போய்விட்டது என்று பொருள். பம்பை ஓட்டும் பெல்ட் தளர்ந்திருந்தாலும் வேகத்தில் வழுக்கும். கீழ்க் குழாயின் ரப்பர் இளகிப்போயிருந்தால் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் அது உள்வாங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நிறுத்திப் பார்த்தால் குழாய் பழையபடி உருண்டையாக இருக்கும். மிகவும் ஏமாற்றும் கோளாறு இது. எஞ்சினை ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஐந்து, பத்து நிமிடங்களிலேயே முள் ஏறினால் வேறு கதை. ஒன்று, திரவம் குறைந்திருக்கிறது. இரண்டு, தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது: எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் குழாய் மட்டும் சில்லென்று இருக்கும். மூன்று, உள்ளே காற்றுக் குமிழ் அடைத்திருக்கிறது. அண்மையில் கூலண்ட் மாற்றிய வண்டியில் இது சாதாரணம். டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும், ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வரும். முறையாகக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். நான்காவது காரணத்துக்குத் தனிப் பகுதி வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு: முள் மேலே ஏறுவதே இல்லை, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் கீழே விழுகிறது. வண்டி குளுமையாக ஓடுகிறது என்று மகிழ வேண்டாம். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள்.

மீண்டும் ஒருமுறை: நின்றால் சூடு, ஃபேன் பக்கம். ஏறினால் சூடு, ரேடியேட்டரும் பம்பும். கிளம்பியவுடன் சூடு, திரவ அளவும் தெர்மோஸ்டாட்டும் காற்றும். சூடே இல்லை, மறுபடியும் தெர்மோஸ்டாட்.

ஹெட் கேஸ்கட்

குக்கர் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே கேஸ்கட் இருப்பது போல, எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதுவே ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, ஓடும் கூலண்ட், எஞ்சின் எண்ணெய் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடானால் அலுமினிய ஹெட் வளையும். கேஸ்கட் இடைவெளி விடும். இந்தச் செலவு பல ஆயிரங்களில் போகும். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தவும் வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் மூடியைக் கவனிக்காமல் விட்டதன் முடிவு சில நேரம் இதுதான்.

அறிகுறிகள் தெளிவானவை. வெளியே சொட்டு கசிவுகூட இல்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போகும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் சைலென்சரிலிருந்து இனிப்பு வாடையோடு வெண்புகை வரும். ரிசர்வ் தொட்டியில் விடாமல் குமிழ்கள் எழும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேல் குழாய் கல் போல இறுகும்; அவ்வளவு விரைவில் சூட்டால் அழுத்தம் உண்டாக முடியாது, சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே புகுகிறது என்று பொருள். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருக்கும். ஆனால் எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெள்ளைக் களிம்பு இருந்தால் பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆவதுண்டு.

ஐயம் இருந்தால் பட்டறையில் வாயுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனை இல்லாமல், சூடாகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஹெட்டைத் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்?

பல கார்களில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறக் கூடாது என்று, ஏறத்தாழ 80 முதல் 105 வரை எதுவானாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். சில கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். ஓ.பி.டி. கருவி என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறார்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள இணைப்பில் செருகினால் கைபேசியில் டிகிரிக்கணக்கில் எண்ணைக் காட்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மிகக் கொடிய ஏமாற்று ஒன்றைச் சொல்ல வேண்டும். சூடாகிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலண்ட் முழுதும் வெளியேறி, உணரி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

வழியில் சூடானால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஊதியை முழு வேகத்திலும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரங்கட்டுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டரில் சுங்கச்சாவடி இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனவர்கள்தான் ஹெட்டை லேத்துக்கு அனுப்பியவர்கள்.

பதற்றத்தில் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சுடச்சுட இருக்கும் அலுமினியம் விரிசல் விடலாம்.

வாங்குவதற்கு முன்

விற்பவரிடம், "நான் வரும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்; குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மைகளைச் சூடான எஞ்சின் சொல்லாது. ஆறிய நிலையில் மூடியைத் திறந்து கூலண்டின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது, பழுப்பாக இருந்தால் உள்ளே துரு. குழாய் இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிவு. முன்பக்கப் பயணியின் காலடி விரிப்பு ஈரமாக இருந்து இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கசிகிறது. சாவியைத் திருப்பியவுடன் ஏ.சி. போடாமலே ஃபேன் சுழன்றால், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு சுற்று நெரிசலிலும் ஒரு சுற்று வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனித் தேர்வுகள். ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்பதில்லை.

என் அக்கா மகனின் காருக்குத் திரும்புவோம். ரேடியேட்டரைக் கழற்றி, மேல்வாயில் ஒரு குடுவைத் தண்ணீரை ஊற்றினோம். கீழே கொட்ட வேண்டியது சொட்டியது. பழுப்புச் சேறும், அரிசி நொய் போல வெள்ளைத் துகள்களும் வந்தன. முந்தைய உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஜே.சி. ரோட்டில் புதிய ரேடியேட்டரும் மூடியும் வாங்கினோம். மறுபடியும் ஒரு தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினோம். ஃபேனின் கம்பியைப் பழைய ரிலேயோடு இணைத்தோம். ஃபேனில் கோளாறே இருந்ததில்லை.

ஆடிப்பெருக்குக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு சேலம் போனான். திரும்பும்போது ஓ.பி.டி. கருவியின் எண்களை அக்கா தொலைபேசியில் எனக்கு வாசித்துக்கொண்டே வந்தாள். ஏற்றத்தின் தொடக்கத்தில் 90. நடுவில் ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டபோது 95. உச்சியில் 96. அதியமான்கோட்டையைத் தாண்டும்போது மறுபடியும் 90.